தலைக்கு மேலே கல்நார்!

சித்தன்னவாசல் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகிற வழியில் சுமார் 16 கிலோமீட்டர். அறிவர் கோயில் என்னும் அந்தச் சமணக் குடைவரைக்குள் நுழைந்ததும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், அண்ணாந்து பார்ப்பது. மேலே தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள்... பாறையின் மேல் மெல்லிசாகச் சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கி.பி. 9-ஆம் நூற்றாண்டு வேலை.

குகையை விட்டு வந்து, அக்கம்பக்கத்துக் கிராமங்களின் வழியாக நடந்து பாருங்கள். அங்கேயும் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். சாம்பல் நிறத்தில், அலை அலையாக எத்தனை கூரைகள்! ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். கிராமத்தில் 'சிமெண்ட் அட்டை' என்பார்கள். வீடு, மாட்டுக் கொட்டகை, சைக்கிள் நிறுத்தம், மொட்டை மாடி அறை, டீக்கடை என்று அது இல்லாத தெரு கிடையாது. கீற்றைவிட உழைக்கும், தீப்பிடிக்காது, ஓட்டைவிடச் சீக்கிரம் வேய்ந்துவிடலாம். ஏழை வீட்டுக்கும் நடுத்தர வீட்டுக்கும் அது ஒரு காலத்தில் பெரிய வரப்பிரசாதமாகத்தான் வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

'ஷீட் வீட்டில் இருந்தால் கேன்சர் வருமாமே, உண்மையா?' என்று பலரும் கேட்கிறார்கள். 'உண்மை' என்று ஒரே வார்த்தையில் சொன்னால் நீங்கள் பயந்துபோய், இன்றைக்கே சுத்தியலை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறிவிடுவீர்கள். அதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து! 'பொய்' என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கல்லிலே ஒரு நார்

ஆஸ்பெஸ்டாஸ் என்பது பூமியில் தோண்டி எடுக்கும் ஒரு கனிமம். பார்த்தால் கல், பிய்த்தால் நார். தமிழில் 'கல்நார்' என்று எத்தனை பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! எங்கள் சித்த மருத்துவத்துக்கு இது புதிய சரக்கு அல்ல. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் குணபாடம் படித்தபோது, தாதுப் பொருள்களில் உபரசங்களின் வரிசையில் கல்நாரும் உண்டு. அதைச் சுத்தி செய்து, அரைத்துப் புடமிட்டுக் 'கல்நார் பற்பம்' செய்வார்கள். நீர்க்கட்டு, நீர் எரிச்சல் போன்ற நோய்களுக்குப் பெரியவர்கள் கொடுத்தார்கள்.

'அப்படியானால் கல்நார் நல்லதுதானே?' என்று கேட்காதீர்கள். வயிற்றுக்குள் போவது வேறு, மூச்சில் போவது வேறு. அந்த நூல்கள் எழுந்த காலத்தில் நுரையீரலை எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வழியில்லை. கல்வத்தில் கல்நாரை அரைத்த சீடன் 30 வருஷம் கழித்து இருமியதை யாரும் கணக்கெடுக்கவும் இல்லை. நான் அந்தப் பற்பத்தை எழுதித் தருவதில்லை. நீர் இறங்க நெருஞ்சில் இருக்கிறது, சிறுபீளை இருக்கிறது. அரைக்கிறவன் மூச்சைப் பணயம் வைத்து ஒரு மருந்து தேவையில்லை என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டைக்கு வருகிற சித்த மருத்துவர்களும் இருக்கிறார்கள். வரட்டும்!

கல்நாரின் சங்கதி என்ன தெரியுமா? ஒரு நாரைப் பிய்த்தால் அது இரண்டாகும், நாலாகும், நூறாகும். கடைசியில் தலைமுடியைவிடப் பல நூறு மடங்கு மெல்லிய இழை. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, தும்மல்கூட வராது. காற்றில் மணிக்கணக்காக மிதக்கும். மூச்சில் நுரையீரலின் கடைசி அறை வரை போகும். சாதாரணத் தூசியை நம் உடம்பு சளியாகச் சுற்றி வெளியே தள்ளிவிடும். இந்த ஊசியோ குத்திக்கொண்டு நிற்கும். உடம்பின் காவல் அணுக்கள் இதை விழுங்கப் பார்த்து, நீளம் தாங்காமல் அவையே அழிந்துபோகின்றன. அந்த இடத்தில் புண், அப்புறம் தழும்பு, அப்புறம் நுரையீரலே விறைத்துப்போகும். பஞ்சு போல விரிய வேண்டியது, காய்ந்த தோல் மாதிரி ஆகிவிடும். இதற்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று பெயர். நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்கிற புற்றுநோய், குரல்வளை, சினைப்பைப் புற்றுநோய்கள் ஆகியவற்றுக்கும் கல்நார் காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வெள்ளை, நீலம், பழுப்பு என்று எந்த வகைக்கும் விலக்கு இல்லை. நம் ஷீட்டில் இருப்பது வெள்ளை.

இதில் மனசை உறுத்துவது, நோய் வருகிற வேகம். இன்றைக்குச் சுவாசித்ததற்கு 20, 30, சமயத்தில் 40 வருஷம் கழித்துக் கணக்குத் தீர்க்கும். 1924-இல் இங்கிலாந்தில் ராக்டேல் ஊரின் கல்நார் ஆலையில் வேலை பார்த்த நெல்லி கெர்ஷா என்ற பெண் இறந்தபோதுதான் டாக்டர் வில்லியம் குக் இந்த நோயை முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதினார். நெல்லிக்கு வயது 33. 1960-இல் தென் ஆப்பிரிக்காவில் டாக்டர் வாக்னரும் அவரது கூட்டாளிகளும் நீலக் கல்நார் சுரங்கப் பகுதியில் 33 பேருக்கு மீசோதீலியோமா வந்ததை எழுதினார்கள். அதில் பலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காதவர்கள், பக்கத்தில் குடியிருந்தவர்கள்! 1965-இல் லண்டனில் செய்த ஆய்வில் இன்னொரு அதிர்ச்சி. புருஷனின் வேலைத் துணியை உதறித் துவைத்த மனைவிமாருக்கும் அந்த நோய் வந்திருந்தது. இல்லத்தரசிகளே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வெளிநாட்டில் பரண், நம்மிடம் கூரை

அமெரிக்காவில் பிரச்னை வேறு விதம். அங்கே குளிருக்காகக் கூரைக்கும் மச்சுக்கும் நடுவில் பஞ்சு மாதிரி ஒரு பொருளைக் கொட்டி நிரப்புவார்கள். மான்டானா மாநிலத்தில் லிப்பி என்ற ஊரில் தோண்டிய வெர்மிகுலைட் என்ற கனிமம் அப்படி ஏராளமான வீடுகளுக்குப் போனது. அதில் கல்நார் கலந்திருந்தது. சுரங்கத்தை 1990-இல் மூடினார்கள். ஊர்ச் சனங்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். 2009-இல் அந்த ஊருக்கே பொது சுகாதார நெருக்கடி என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. அங்கே இன்றும் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு, 'பரணில் எதையும் கிளறாதே' என்பதுதான் முதல் அறிவுரை.

நமக்குக் குளிர் இல்லை, அந்தப் பஞ்சும் இல்லை. நம்முடைய கல்நார் சிமெண்ட்டோடு கலந்து கெட்டியாக இருக்கிறது. ஷீட்டில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் கல்நார், மீதி பெரும்பாலும் சிமெண்ட். இது ஒரு பெரிய ஆறுதல். உடையாத, விரிசல் இல்லாத, உதிராத ஷீட்டின் கீழே நீங்கள் படுத்துத் தூங்குவதால் மட்டும் பெரிய ஆபத்து எதுவும் வந்துவிடாது. நார் சிமெண்ட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. அந்தச் சிறையை உடைக்கிறபோதுதான் வம்பு: அறுக்கும்போது, துளை போடும்போது, சுரண்டும்போது, உடைத்துப் போடும்போது.

ஐரோப்பிய யூனியன் 2005-இலும், கனடா 2018-இலும் கல்நாரைத் தடை செய்துவிட்டன. அமெரிக்கா 2024-இல் வெள்ளைக் கல்நாருக்குத் தடை போட்டது. நம் நாட்டிலோ 1986 முதல் புதிய சுரங்கக் குத்தகை தருவதை நிறுத்தினார்கள். ஆனால் ரஷ்யா முதலிய நாடுகளிலிருந்து வாங்கி ஷீட் செய்வதற்குத் தடை இல்லை. உலகத்திலேயே கல்நாரை அதிகம் இறக்குமதி செய்கிற நாடு நாம்தான். இலங்கையில் நடந்த கதை இன்னும் வேடிக்கை. 2018 தொடக்கத்திலிருந்து கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்போவதாக அரசு சொல்லியிருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைப் பார்சலில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்திவிட்டது. இலங்கை கல்நார்க் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. தேயிலையும் மறுபடி போக ஆரம்பித்தது! வண்டுக்கும் கூரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

புயல் சொன்ன பாடம்

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்ததை எங்கள் மாவட்டம் மறக்காது. தென்னை, பலா, வீடு என்று எதையும் அது விட்டு வைக்கவில்லை. ஓடுகளும் ஷீட்டுகளும் காகிதம் மாதிரி பறந்து நொறுங்கின. பிறகு நாங்கள் பார்த்தது என்ன? நொறுங்கிய ஷீட்டை வெறும் கையால் பொறுக்கினார்கள். வாருகோலால் கூட்டினார்கள். பெரிய துண்டுகளைச் சுத்தியலால் பொடித்து ஆட்டுக் கொட்டகைத் தரையிலும், பாதைப் பள்ளத்திலும் கொட்டி மட்டம் செய்தார்கள். பிள்ளைகள் அதில் பாண்டி விளையாடினார்கள்.

அன்னவாசல் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "அய்யா, அட்டையை உடைச்சுப் போட்டதிலேருந்து புள்ளைக்கு இருமலா இருக்கு. டி.வி.யில சொல்றாகளே, அந்த வியாதியா இருக்குமோ?" என்று அழாத குறையாகக் கேட்டார். "இல்லம்மா, அது ரெண்டு வாரத்துல காட்டுற வியாதியே இல்லை. இது ஈரத்துல நனைஞ்ச சளி இருமல்" என்று சொல்லி ஆடாதோடை மணப்பாகு கொடுத்தேன். பையனுக்குச் சரியாகிவிட்டது. ஆனால் அந்தத் தரை? அதைத்தான் நான் கவலைப்பட்டுக் கேட்டேன். தினமும் ஆடு மிதிக்கும், பெருக்கமாறு உரசும், துகள் எழும்பும். மேலே ஒரு சாண் செம்மண் கொட்டி, தண்ணீர் தெளித்துக் கெட்டிக்கச் சொன்னேன். முடிந்தபோது சிமெண்ட் தளம் போடச் சொன்னேன். தோண்டி எடுப்பதைவிட மூடிவிடுவது நல்லது.

உங்கள் வீட்டில் என்ன செய்வது?

முதலில், கூரை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் அது இரும்புத் தகடு, கவலை இல்லை. ஒட்டாமல், சாம்பல் நிறமாக, உடைந்த ஓரத்தில் மெல்லிய நார் தெரிந்தால் கல்நார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். (கல்நார் இல்லாத சிமெண்ட் ஷீட்டும் இப்போது வருகிறது. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது.) இதற்காக ஒரு துண்டை உடைத்துப் பார்க்கிற கெட்டிக்காரத்தனம் வேண்டாம்!

நல்ல நிலையில் இருந்தால் தொடாதீர்கள். பாசி பிடித்திருக்கிறதே என்று கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினும் கூடாது. வெயில் தாங்கவில்லை என்றால் மேலே வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். சுரண்டாமல், தண்ணீர் தெளித்துவிட்டு அப்படியே பூச வேண்டும். சூடும் குறையும், நாரும் அடங்கும். ஃபேன் மாட்ட, டிஷ் மாட்ட, ஒயர் இழுக்க என்று ஷீட்டில் துளை போடாதீர்கள். சுவரிலோ இரும்புச் சட்டத்திலோ மாட்டிக்கொள்ளலாம். ஷீட் கூரையில் வழிகிற மழைத் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், குடிக்கப் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. இது புற்றுநோயைவிட அவசரம். பழைய ஷீட்டின் மேல் கால் வைக்காதீர்கள்! வெயிலில் காய்ந்த ஷீட் முறுக்கு மாதிரி. பந்து எடுக்க ஏறிய பையன், வடாம் காயவைக்கப் போன பெண், பெயிண்ட் அடிக்க வந்தவர்... ஷீட் முறிந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவர்களையும், பிழைக்காதவர்களையும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரிகளில் கேட்டால் சொல்வார்கள். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் சட்டத்தின் மேல் பலகை போட்டு, பலகையில்தான் நிற்க வேண்டும். சாரம் கட்டிக்கொள்வது அதைவிட உத்தமம்.

மாற்றியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் அவசரப்படாதீர்கள். காற்று இல்லாத காலை நேரமாகப் பாருங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அரிசி, பருப்பு, துணி எல்லாவற்றையும் மூடி வையுங்கள், முடிந்தால் அறையையே காலி செய்யுங்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் கலந்து கைத்தெளிப்பானால் ஷீட்டை நன்றாக நனையுங்கள். (பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை எடுத்துவிடாதீர்கள்!) நனைந்த நார் பறக்காது, விஷயமே அதில்தான் இருக்கிறது. துருப்பிடித்த போல்ட் கழலாவிட்டால் போல்ட்டை அறுங்கள், ஷீட்டை அறுக்காதீர்கள். முழு ஷீட்டாகக் கழற்றி இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டும். மேலேயிருந்து தூக்கிப் போட்டு உடைத்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

மூக்கில் கட்டுகிற துண்டு, கைக்குட்டை, ஆஸ்பத்திரி மாஸ்க் எதுவும் இந்த நாரைத் தடுக்காது. கொரோனா காலத்தில் நாம் வாங்கிய என்-95 கூட இதற்குப் போதாது என்பதுதான் வல்லுநர்கள் கருத்து. தொழிற்சாலைப் பாதுகாப்புப் பொருள் விற்கும் கடைகளில் பி-100 வடிகட்டி வைத்த முகமூடி கிடைக்கும். வேலை செய்ய வருகிற தொழிலாளிக்கு அதை நீங்களே வாங்கிக் கொடுங்கள். "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், இருபது வருஷமா செய்யறேன்" என்பார். அந்த இருபது வருஷம்தான் எனக்குப் பயமே! வேலை முடிந்ததும் ஈரத் துணியால் துடையுங்கள். பெருக்காதீர்கள், வீட்டு வாக்குவம் கிளீனரும் வேண்டாம். துடைத்த துணியையும் சேர்த்துப் பையில் கட்டுங்கள். போட்டிருந்த உடையை உதறாமல் ஈரத்தோடு கழற்றித் தனியாக அலசி, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும்.

இறக்கிய ஷீட்டைத் தடித்த பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்டுங்கள். மேலே 'கல்நார் – உடைக்காதே' என்று எழுதுங்கள். பிறகு எங்கே கொடுப்பது? உண்மையைச் சொன்னால், நம் ஊர்களில் இதற்கு ஒழுங்கான ஏற்பாடு இல்லை. கும்மிடிப்பூண்டியில் அபாயக் கழிவைப் புதைக்கிற இடம் இருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கானது. நகராட்சி சுகாதார அதிகாரியிடமோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலோ எழுத்து மூலம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால்தான் ஏற்பாடு வரும். அதுவரை யாரும் மிதிக்காத இடத்தில் மூடி வையுங்கள். இனாமாகக் கேட்கிறாரே என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் கோழிக்கூடு போடத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

பரணையும் ஒரு முறை பாருங்கள். 'எதுக்காவது உதவும்' என்று மீதி ஷீட்டுத் துண்டுகளைச் செருகி வைத்திருப்போம். பழைய கல்நார்க் கயிறு, அடுப்பின் மேல் வைக்கிற பழைய கல்நார்த் தட்டு, பள்ளிக்கூட லேபில் பார்த்திருப்பீர்களே, நடுவில் வெள்ளை வட்டம் உள்ள கம்பி வலை, அதன் பழைய வகை எல்லாம் இந்த ஜாதிதான். நனைத்து, பையில் போட்டுக் கட்டுங்கள்.

மாற்றாக என்ன போடலாம்? வசதி இருந்தால் கான்கிரீட். மங்களூர் ஓடு நம் வெயிலுக்கு அருமை. தகடு போட்டால் கீழே ஒரு தட்டி அடைப்பு வேண்டும், இல்லாவிட்டால் வெந்து போவீர்கள்.

இருமலும் மூச்சும்

வீட்டில் ஷீட் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். ஷீட் தொழிற்சாலை, கப்பல் உடைப்பு, பாய்லர், பிரேக் ஷூ வேலை, கூரை போடுகிற வேலை என்று வருஷக்கணக்கில் பார்த்தவர்கள்தான் கவனிக்க வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, வறட்டு இருமல், நெஞ்சு இறுக்கம், விரல் நுனி தடித்து நகம் கிளி மூக்கு மாதிரி வளைவது இவை அடையாளங்கள். எங்கள் மாவட்டத்தில் கல் குவாரியும் கிரஷரும் நிறைய. கல் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும், காசநோயும் இருக்கிறது. எக்ஸ்-ரேயில் ஒன்றை மற்றொன்றாக எண்ணி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும், 'முப்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வேலை பார்த்தேன்' என்று நீங்களாகவே சொல்லுங்கள். 1995 ஜனவரி 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், கல்நார் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம் அல்லது ஓய்வு பெற்றபின் 15 வருஷம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றும், ஆஸ்பெஸ்டோசிஸ் வந்தவருக்கு 1 லட்ச ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. 1979-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால், கல்நார் வேலை மட்டும் பார்த்தவருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு சுமார் 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கு? 53 மடங்கு!

கடைசியாக, எல்லோரும் என்னிடம் எதிர்பார்க்கிற கேள்வி: 'சித்தாவில் இதற்கு மருந்து உண்டா?' நுரையீரலில் குத்தி நிற்கிற கல்நாரைக் கரைக்கவோ வெளியே தள்ளவோ எந்த மூலிகையாலும் முடியாது. ஆங்கில மருந்திலும் அது இல்லை. தூதுவளை, ஆடாதோடை, கண்டங்கத்திரி, தாளிசாதி சூரணம் ஆகியவை சளியை இளக்கி, இருமலைத் தணித்து, நோயாளிக்கு இரவில் கொஞ்சம் தூக்கம் கொடுக்கும். அந்த அளவுக்கு நான் கொடுக்கிறேன், நுரையீரல் டாக்டரின் சிகிச்சையோடு சேர்த்து. மூச்சுப் பயிற்சியும் மூச்சுத் தசைகளுக்குப் பலம் தரும், நாரை எடுக்காது. 'நுரையீரலைக் கழுவிச் சுத்தம் செய்யும் லேகியம்' என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தக் காசை ஒரு நல்ல முகமூடி வாங்கச் செலவு செய்யுங்கள்.